நான்கு சிறு வீடுகள்

கொழும்பு நகரின் 33ஆவது ஒழுங்கை நீளமானதன்று. நடக்கத் தொடங்கியதும் முடிந்துவிடும். அதன் ஓரத்திலே நான்கு சிறு வீடுகள் வரிசையாக நின்றன. 1958ஆம் ஆண்டில் அவற்றுள் மூன்றாவதை ஜெஃப்ரி பாவா தமதாக்கிக்கொண்டார். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சின்னஞ்சிறு சமையலறை, பணியாளருக்கு ஓர் அறை. தனி மனிதருக்கு அது போதுமானதாயிருந்தது. நான்காவது வீடு காலியானபோது அதையும் வாங்கி உணவறையாக்கினார். ஏறக்குறையப் பத்தாண்டுகள் கழித்தே எஞ்சிய இரண்டும் கைக்கு வந்தன. வரிசையின் முதல் வீட்டை மட்டும் இடித்து, அவ்விடத்தில் கோபுரம் போல் மாடிகளை எழுப்பினார்.

மற்ற மூன்றையும் அவர் இடிக்கவில்லை என்பதே நாம் கவனிக்கத்தக்கது. சுவர்களைத் திறந்தார், இடைவெளிகளைச் சிறு முற்றங்களாக்கினார். கிணற்றுக்குள் விழுவது போல ஒளி அங்கே மேலிருந்து இறங்குகிறது. செட்டிநாட்டில் பிரிக்கப்பட்ட பழைய வீடுகளின் தூண்கள் அங்கே நிற்கின்றன. நம் மண்ணில் வேண்டாமென்று தள்ளப்பட்டவை கடல் கடந்து மதிப்புப் பெற்றன என்றெண்ணும்போது நெஞ்சு சற்றே உறுத்துகிறது.

1919இல் பிறந்த பாவா இளமையிலேயே இத்தொழிலுக்கு வந்தவரல்லர். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியமும் பின்னர் இலண்டனில் சட்டமும் பயின்றார். 1948இல் பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கை என்னும் இரப்பர்த் தோட்டத்தை வாங்கினார். அதைத் தாம் நினைத்தவாறு மாற்றியமைக்கத் தமக்குப் போதிய அறிவில்லை என்றுணர்ந்தே கட்டடக்கலை கற்கப் புறப்பட்டார். 1957இல் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38.

பின்னாளில் நாடாளுமன்றக் கட்டடத்தையே அமைத்தார். 1982இல் அது திறக்கப்பட்டது. ஆயினும் அவருடைய உள்ளத்தை அறியச் சிறிய கட்டடங்களே போதும் என்பேன். பண்டாரவளை மலையில் நல்லாயன் சபைக் கன்னியருக்காக 1960களின் தொடக்கத்தில் ஒரு சிற்றாலயம் எழுந்தது; டென்மார்க்கைச் சேர்ந்த உல்ரிக் பிளெஸ்னர் அதில் அவருடன் உழைத்தார். செதுக்கி மெருகேற்றாத கல்லே அதன் சுவர். பழைய ஆலயத்தைத் தரைமட்டமாக்கிப் பளிங்கு பதிப்பதே வளர்ச்சி என்று கருதும் பங்குகள் அதை ஒருமுறை பார்க்கலாம்.

ஒரு மருத்துவருக்கென அவர் வடிவமைத்த வீடு, பின்னர் அவருடைய அலுவலகமாயிற்று. 1998இல் அதுவே ஓவியக்கூடத்தோடு கூடிய உணவகமானது. முற்றங்களும் தாழ்வாரங்களும் அப்படியே இருக்க, உள்ளிருப்போர் மட்டும் மாறினர்.

துணிகளில் பத்திக் ஓவியம் தீட்டிய ஏனா டி சில்வாவுக்கு 1960 முதல் 1962 வரை கட்டிய வீடே இவற்றுள் என் நெஞ்சுக்கு நெருக்கமானது. வெளிநாட்டுப் பொருள்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம் அது. கண்ணாடி இல்லாமலே கதவும் சன்னலும் அமைந்தன. நடுவே பெரிய முற்றம். அதைச் சுற்றி அறைகள். வீதியிலிருந்து பார்த்தால் மதிலும் கூரையுமே தெரியும். நம் பாட்டிமார் வாழ்ந்த முற்றத்து வீட்டை நினைவிலுடையோர்க்கு இதில் வியப்பேதுமிராது. நகரத்து நெருக்கடியில், சிறிய மனையில் அதை மீட்டெடுத்ததே அவர் திறமை.

பாவா 2003இல் மறைந்தார். ஆறாண்டுகளில் ஏனாவின் மனை விலைக்குப் போயிற்று. வீடு இடிபடும் நிலை வந்தது. பாவாவின் பெயரால் இயங்கும் அறக்கட்டளையினர் கதவு, தூண், கல், ஓடு என ஒவ்வொன்றையும் அடையாளமிட்டுப் பிரித்து, லுணுகங்கைக்கு எடுத்துச் சென்று மீண்டும் பொருத்தினர். அவ்வேலை 2016இல் நிறைவுற்றது. அதற்கு முந்தைய ஆண்டே ஏனா காலமாகியிருந்தார்.