மன்னிக்கத் தெரியாத ரவுட்டர்

நான் நெட்வொர்க் பிரிவில் இருந்த காலத்தில் ஒரு கிளை அலுவலகத்தின் லைன் மழை வந்தால் போதும், விட்டு விட்டு வரும். ஒவ்வொரு முறையும் மற்ற ரவுட்டர்களுக்கும் செய்தி போகும். அவையெல்லாம் மறுபடி கணக்குப் போடும்.

இதற்கு மருந்தாக 1998 நவம்பரில் ஆர்எஃப்சி 2439 வந்தது. சிஸ்கோ ரவுட்டரில் பாதை ஒருமுறை அறுந்தால் 1000 அபராதப் புள்ளி. 2000-ஐத் தாண்டினால் ஒதுக்கிவைப்பு. 15 நிமிடத்தில் புள்ளி பாதியாகும்; 750-க்குக் கீழே இறங்கினால்தான் மறுபடி சேர்ப்பு. நானும் ஆசையாகப் போட்டுவைத்தேன்.

ஒருநாள் அந்த லைன் அடுத்தடுத்து மூன்று முறை அறுந்து சரியாகிவிட்டது. தொடர்பு மட்டும் அரைமணி நேரம் இல்லை. "லைன் நல்லாத்தானே சார் இருக்கு?" என்று கிளை மேலாளர் போனில் கேட்டார். பூட்டியது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "பார்க்கிறேன்" என்றேன்.

ஒரே ஒரு முறை அறுந்த பாதைகூட, மாற்றுவழி தேடும் செய்திகள் பெருகுவதால் தண்டிக்கப்படலாம் என்று 2002-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2006-இல் ஐரோப்பாவின் ரைப் குழு இந்த முறையே வேண்டாம் என்றது. 2014-இல் ஆர்எஃப்சி 7196, ஒதுக்கும் வரம்பைக் குறைந்தது 6000 ஆக்கச் சொன்னது. மருந்தில் பிழையில்லை, அளவில்தான்.

அந்த மேலாளர் இதைப் படித்தால், தாமதமான என் பதில் இதுதான்.