எப்பிசோட் முடிந்ததும் ஒரு நொடி மின்னி மறையுதே... அது என்ன?

'தி பிக் பேங் தியரி' நகைச்சுவைத் தொடரைப் பார்த்திருக்கீங்களா? எப்பிசோட் முடிந்து, பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்ததும், பொடி எழுத்தில் ஒரு பக்கம் வரும். முதல் வரியைப் படிக்கிறதுக்குள்ள காணாமப் போயிடும்.

அது தவறுதலாக வந்து போவதில்லை. அதற்குப் பெயர் 'வேனிட்டி கார்டு'.

வேனிட்டி கார்டு என்றால் என்ன?

தொடரைத் தயாரித்த நிறுவனம் கடைசியில் காட்டும் முத்திரைதான் அது. அமெரிக்காவில் ஒரு தொடரை ஒளிபரப்புவது ஒருவர், தயாரிப்பது வேறொருவர் என்பது சகஜம். 'பிக் பேங் தியரி' 2007 முதல் 2019 வரை சிபிஎஸ் ஒளிவழியில் வந்தது. தயாரித்ததோ சக் லோரியின் நிறுவனமும் வார்னர் பிரதர்ஸ் தொலைக்காட்சிப் பிரிவும். அதனால் முடிவில் அந்த இரண்டு முத்திரைகளும் அடுத்தடுத்து வரும்.

'வேனிட்டி' என்றால் தற்பெருமை. "இது நாங்க எடுத்தது" என்று தயாரிப்பாளர் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் இடம் என்பதால் அந்தப் பெயர்.

பூனையும் நாயும்

எம்ஜிஎம் படங்களில் சிங்கம் கர்ஜிப்பதைப் பார்த்திருப்பீங்க. 1970இல் தொடங்கிய 'தி மேரி டைலர் மோர் ஷோ' தொடரின் முடிவில், அதே போன்ற வட்டத்துக்குள் ஒரு பூனைக்குட்டி வந்து "மியாவ்" என்றது. அதன் பெயர் மிம்சி. எம்டிஎம் நிறுவனத்தின் முத்திரை அது.

அதே நிறுவனம் எடுத்த காவல்துறைத் தொடரில் மிம்சிக்குப் போலீஸ் தொப்பி! 'செயின்ட் எல்ஸ்வேர்' என்ற மருத்துவமனைத் தொடரில் அறுவை சிகிச்சை முகக்கவசம். 1988இல் அந்தத் தொடரின் கடைசி எப்பிசோடில், மருத்துவக் கருவிகள் பொருத்தப்பட்ட நிலையில் மிம்சி படுத்திருக்க, இதயத் துடிப்பைக் காட்டும் கோடு நேர்கோடாகிவிடும். தொடர் முடிந்துவிட்டது என்பதை முத்திரையே சொல்லிவிட்டது.

1982இல் வந்த 'ஃபேமிலி டைஸ்' தொடரை உருவாக்கியவர் கேரி டேவிட் கோல்ட்பர்க். அவர் தன் வளர்ப்பு நாய் உபுவின் புகைப்படத்தையே முத்திரை ஆக்கினார். நாயை உட்காரச் சொல்லும் குரல் கேட்கும், அப்புறம் ஒரு குரைப்பு. அவ்வளவுதான். தொடரின் கதையை மறந்தவர்களுக்குக்கூட உபுவை நினைவிருக்கும்.

ஒரு நொடியில் ஒரு கட்டுரை

சக் லோரி படம் எதுவும் போடவில்லை. 1997இல் தொடங்கிய 'தர்மா அண்ட் கிரெக்' தொடரின் முடிவில் ஒரு பக்கம் நிறைய எழுதியே வைத்தார். ஒரு நொடியில் யாராலும் படிக்க முடியாது. வீடியோ டேப்பில் பதிவுசெய்து, 'பாஸ்' பட்டனை அழுத்தினால்தான் முடியும். முதல் அட்டையிலேயே அப்படி நிறுத்திப் படிப்பவர்களுக்கு நன்றி சொல்லியிருந்தார்!

ஒவ்வொரு எப்பிசோடுக்கும் புது அட்டை. சில நேரம் நகைச்சுவை, சில நேரம் புலம்பல், சில நேரம் அரசியல். ஒரு நொடிதானே என்று ஒளிவழியும் விட்டுவிடவில்லை. சில அட்டைகளை சிபிஎஸ் ஒளிபரப்ப மறுத்தது. லோரி அவற்றைத் தம் இணையத்தளத்தில் போட்டார். 2012இல் அட்டைகள் புத்தகமாகவும் வந்தன.

இப்போ ஏன் கண்ணில் படுவதில்லை?

1990களிலேயே அந்த இடம் சுருங்க ஆரம்பித்தது. ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் மக்கள் வேறு ஒளிவழிக்குத் தாவிவிடக் கூடாது என்பதற்காக, 1994இல் என்பிசி முடிவுப் பெயர்களைத் திரையின் ஓரத்துக்குத் தள்ளியது. மிச்ச இடத்தில் அடுத்த நிகழ்ச்சிக்கான விளம்பரமோ காட்சியோ ஓடியது. மற்ற ஒளிவழிகளும் அந்த வழிக்கு வந்தன.

அப்புறம் நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் வந்தன. பெயர்கள் ஓட ஆரம்பித்த சில விநாடிகளில் அடுத்த எப்பிசோட் தானாகவே தொடங்கிவிடுகிறது. அட்டை நீக்கப்படவில்லை. அது வரும்வரை நம்மை யாரும் காத்திருக்க விடுவதில்லை.

ஒரு நொடிக்கு இவ்வளவு கவலையா?

தொடரில் உழைத்த ஒலிப்பதிவாளர் போன்ற பலருடைய பெயர்களும் வருவது அந்த முடிவில்தான். பெரிய தளத்தின் சின்னம் திரையில் எப்பவும் இருக்கும். சின்னத் தயாரிப்பு நிறுவனத்துக்குக் கிடைப்பது அந்த ஒரு நொடி மட்டுமே. அதையும் தாண்டிப் போய்விட்டால், தொடரை எடுத்தது யார் என்றே தெரியாமல் போகும். எல்லாமே 'நெட்ஃபிளிக்ஸ் தொடர்' ஆகிவிடும்.

பார்க்க ஆசையா? நெட்ஃபிளிக்ஸ் கணக்கின் அமைப்புகளில், அடுத்த எப்பிசோட் தானாக ஓடுவதை நிறுத்தி வைக்கலாம். லோரியின் அட்டை வரும்போது மட்டும் 'பாஸ்' பட்டன்மேல் விரல் தயாரா இருக்கட்டும்!