மடியில் இருக்கும் பிள்ளையும் விசையின் கணக்கும்

காலையில் அயனம்பாக்கம் வழியாகச் செல்லும் வானகரம் – அம்பத்தூர் சாலையில் பள்ளி நேரத்தில் நின்று பார்த்தால் ஒரு காட்சி நமக்குப் பழகியிருக்கும். பைக்கை ஓட்டும் தந்தை, முன்னால் டேங்க் மீது ஒரு பிள்ளை, பின்னால் தாய், அவர் மடியில் கைக்குழந்தை. பக்கத்திலேயே கன்டெய்னர் லாரி. பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் நம் பிள்ளைகள் படிக்கும் இயக்க விதிகள் தினமும் செயல்படும் இடம் இதுதான்.

முதல் விதி: நிலைமம்

வெளியிலிருந்து விசை செயல்படாதவரை, நிற்கும் பொருள் நின்றுகொண்டே இருக்கும். ஓடும் பொருள் அதே வேகத்தில் நேர்கோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். எறியப்பட்ட பொருளின் இயக்கம், காற்று போன்ற தடை இல்லாவிட்டால், தானாகத் தீர்ந்துபோகாது என்று இப்னு சீனா (980–1037) எழுதியிருக்கிறார். பின்னர் கலிலியோ இதே கேள்வியைச் சோதனைகளால் ஆராய்ந்தார். நியூட்டன் 1687-ல் அதை விதியாக வகுத்தார்.

பைக் 40 கி.மீ. வேகத்தில் போனால் மடியிலுள்ள குழந்தையும் அதே வேகத்தில்தான் போகிறது. பைக் சட்டென நின்றாலும் குழந்தை நிற்பதில்லை, முன்னோக்கிப் போகிறது.

இரண்டாம் விதி: விசை = நிறை × முடுக்கம்

1 கிலோ நிறையுள்ள பொருளின் திசைவேகத்தை ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 1 மீட்டர் வீதம் மாற்றும் விசையே 1 நியூட்டன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 கி.மீ. வேகம் என்றால் நொடிக்குச் சுமார் 11 மீட்டர். 15 கிலோ எடையுள்ள பிள்ளை 0.1 நொடியில் நிற்க வேண்டுமானால் தேவைப்படும் விசை ஏறக்குறைய 1,670 நியூட்டன். இது 170 கிலோவைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம். அதாவது 25 கிலோ அரிசி மூட்டைகள் கிட்டத்தட்ட ஏழு. எந்தத் தாயின் கையாலும் அது முடியாது. இது பாசத்தின் குறை அல்ல.

நிற்கும் நேரம் இரு மடங்கானால் சராசரி விசை பாதியாகும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் போன்ற பகுதி நசுங்கி அந்த நேரத்தைத்தான் கூட்டித் தருகிறது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றச் சொல்வதும் இதனால்தான்: நசுங்கியது மறுபடி நசுங்காது.

மூன்றாம் விதி: ஒவ்வொரு விசைக்கும் எதிர்விசை

டயர் சாலையைப் பின்னோக்கித் தள்ளுகிறது, சாலை டயரை முன்னோக்கித் தள்ளுகிறது. பிரேக் பிடிக்கும்போது இது தலைகீழாகும். இரண்டுக்கும் உராய்வு வேண்டும். மழைநீரும் மணலும் அதைக் குறைத்துவிடும்.

உலர்ந்த சாலையில் 40 கி.மீ. வேகத்தில் வரும் பைக், ஓட்டுபவர் சுதாரிக்க ஒரு நொடி ஆகுமென்று வைத்துக்கொண்டால், நிற்பதற்குச் சுமார் 23 மீட்டர் எடுக்கும். இது கிட்டத்தட்ட இரண்டு மாநகரப் பேருந்துகளின் நீளம். 60 கி.மீ. என்றால் சுமார் 44 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்குதான், தூரமோ ஏறக்குறைய இரு மடங்கு.

லாரியின் கணக்கு வேறு. சுமையோடு 25 டன் உள்ள லாரிக்கு, குடும்பத்தோடு 250 கிலோ உள்ள பைக்கைவிட, அதே வேகத்தில் 100 மடங்கு உந்தம் உண்டு. அதன் முன்னே சட்டெனக் குறுக்கே புகுவது எந்த அவசரத்துக்கும் தகாது.

நாம் செய்ய வேண்டியவை

நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும், ஒன்பது மாதம் நிரம்பிய குழந்தைக்கு ஹெல்மெட்டும் அவசியம், வேகம் 40 கி.மீ.க்கு மிகக் கூடாது என்பது 2023 பிப்ரவரி முதல் மத்திய அரசின் விதி. நான்கு வயதைக் கடந்தவர்கள் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கி, தாடைப் பட்டையை இறுக்கி மாட்டுவோம். மழை நாளில் பத்து நிமிடம் முன்னதாகவே வீட்டை விட்டுக் கிளம்புவோம்.

பிள்ளைகள் தேர்வுக்காக இந்த விதிகளை மனப்பாடம் செய்கிறார்கள். அவர்களை ஏற்றிச் செல்லும் நாம் அவற்றைச் சாலையில் கடைப்பிடிப்போம்.