ஐந்து நாள் கதிர்வீச்சு: மலக்குடல் புற்றுநோயும் முதியோர் சிகிச்சையும்

தமிழ்நாட்டுப் புற்றுநோய் மருத்துவத்தின் வரலாறு ஒரு மலக்குடல் புற்றுநோயிலிருந்தே தொடங்குகிறது. 1923-ல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை அந்நோயால் இறந்தார். முதலில் அது சீதபேதி என்றே கருதப்பட்டது. அந்த இழப்பின் தொடர்ச்சியாக முத்துலட்சுமி முன்னின்று எழுப்பிய அடையாறு புற்றுநோய் நிலையம் 1954-ல் திறக்கப்பட்டது. நோயைத் தவறாக எடுத்துக்கொள்வது இன்னும் ஓய்ந்துவிடவில்லை. மலத்தோடு ரத்தம் போனால் ‘மூலம்தான், சூடு’ என்று மாதக்கணக்கில் களிம்பும் சூரணமுமாகத் தள்ளிப்போடும் பெரியவர்களைச் செங்கல்பட்டுப் பக்கமும் மாமல்லபுரக் கரையோரக் குப்பங்களிலும் இன்றும் பார்க்கலாம்.

அப்படித் தாமதமாக வருபவரிடம் மருத்துவர் சொல்லும் முதல் செய்தி பலரையும் குழப்பும்: “ஆபரேஷன் பண்ணணும், ஆனா அதுக்கு முன்னாடி கரண்ட் வைக்கணும்.” கட்டியை எடுக்கும் முன்பே கதிர்வீச்சு எதற்கு? அதையும் எழுபது, எண்பது வயது உடம்பு தாங்குமா? இந்தக் கேள்விகளுக்கான விடை உருவாக நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

கத்தியும் கதிரும்

1908-ல் லண்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் மைல்ஸ் மலக்குடலையும் ஆசனவாயையும் சேர்த்தே அகற்றி, வயிற்றில் மலம் வெளியேறத் திறப்பு வைக்கும் முறையை விவரித்தார். பல பத்தாண்டுகள் அதுவே இலக்கணமாக நின்றது. ஆனாலும் இடுப்பெலும்புக் கூட்டின் குறுகிய பள்ளத்துக்குள் நோய் திரும்ப முளைப்பது நிற்கவில்லை. மிச்சமிருக்கும் செல்களைக் கதிரால் அழிக்கலாம் என்ற எண்ணம் அங்கிருந்தே வலுத்தது.

அறுவைக்குப் பின் கதிர் கொடுத்தால் ஒரு சிக்கல் உண்டு. மலக்குடல் இருந்த இடத்தில் சிறுகுடல் இறங்கி ஒட்டிக்கொள்ளும். கதிர் அதையும் தாக்கும். ரத்த ஓட்டம் குலைந்த திசுவில் ஆக்சிஜன் குறைவதால் கதிரின் வீரியமும் குறையும். முன்னதாகவே கொடுத்தால் இவ்விரண்டும் தணியும்.

கருவிகளும் அதற்கேற்ப வளர வேண்டியிருந்தது. சென்னையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934-ல் தொடங்கப்பட்டது. அக்காலத்து எக்ஸ்-கதிர்கள் இடுப்பின் ஆழத்தை எட்டுவதற்குள் மேல்தோலைப் புண்ணாக்கிவிடும். 1950-களின் பிற்பாதியில் அடையாறுக்கு வந்த கோபால்ட்-60 கருவி அந்தத் தடையைப் பெரிதும் நீக்கியது. கோபால்ட்டின் அரை ஆயுள் சுமார் 5.27 ஆண்டுகள். கோபால்ட் பழசாக ஆக, அதே அளவு கதிரைப் பெற நோயாளி மேசைமேல் அதிக நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். 1969-ல் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை உருவானது. 1976-ல் அடையாறு, மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் லீனியர் ஆக்ஸிலரேட்டரை நாட்டிலேயே முதலாக நிறுவியது.

ஸ்வீடன் தந்த பாடம்

எவ்வளவு கதிர், எத்தனை நாள் என்ற கணக்கைத் தீர்த்தது ஸ்வீடன். உப்சாலாவில் 1980 முதல் 1985 வரை நடந்த ஆய்வு, ஐந்து நாளில் சுமார் 25 கிரே (கதிர் அளவின் அலகு) கொடுத்து உடனே அறுவை செய்வதை, அறுவைக்குப் பிந்தைய 60 கிரேயோடு ஒப்பிட்டது. முன்கூட்டிய குறுகிய சிகிச்சையே நோய் திரும்புவதைக் கூடுதலாகத் தடுத்தது.

ஆனால் அதே காலத்தில் இந்தக் குறுகிய முறையைச் சோதித்த முதல் ஸ்டாக்ஹோம் ஆய்வு அதிர்ச்சி தந்தது. 849 பேரில் கதிர் பெற்றவர்களிடையே அறுவையை ஒட்டிய மரணம் 8 சதவீதம். பெறாதவர்களிடையே 2 சதவீதம். பாதிப்பு முதியோரிடம்தான் அதிகம். ஆராய்ந்தபோது குற்றம் அளவில் இல்லை, கதிர்ப் பரப்பில் இருந்தது: முன்னும் பின்னுமாக இரண்டே கற்றைகள், மேல்வயிறு வரை நீண்ட களம். குடலும் சேர்ந்து வெந்தது. கற்றைகளை மூன்று நான்காக்கி, களத்தை இடுப்போடு நிறுத்தியதும் மரணம் இறங்கியது.

அடுத்து 1,168 பேரைக் கொண்ட ஸ்வீடன் ஆய்வின் முடிவு 1997-ல் வந்தது. கதிரால் இடுப்புக்குள் நோய் திரும்புவது 27-லிருந்து 11 சதவீதமாகக் குறைந்தது. ஐந்தாண்டு உயிர்வாழ்வு 48-லிருந்து 58 சதவீதமானது. இதற்கிடையே பில் ஹீல்டு 1982-ல் விவரித்த, மலக்குடலைச் சுற்றிய கொழுப்புறையை முழுதாக எடுக்கும் அறுவை பரவியது. நல்ல அறுவை இருக்கும்போது கதிர் வேண்டுமா என்று நெதர்லாந்து கேட்டது. 2001-ல் வெளியான விடை: இரண்டாண்டுகளில் இடுப்புக்குள் நோய் திரும்பல் 8.2-க்குப் பதில் 2.4 சதவீதம், உயிர்வாழ்வில் மட்டும் வேறுபாடு இல்லை.

முதியோரின் கணக்கு

இவ்வெண்களை எண்பது வயதுக்காரரிடம் அப்படியே பொருத்த முடியாது. ஸ்வீடன் ஆய்வு 80 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களையே சேர்த்தது. கீமோவோடு நீண்ட கதிர்ச் சிகிச்சையை நிலைநாட்டிய 2004-ன் ஜெர்மன் ஆய்வு 75-ல் கோடு போட்டது.

திருப்பம் மூன்றாம் ஸ்டாக்ஹோம் ஆய்வில் வந்தது. 1998 முதல் 2013 வரை 840 பேர் சேர்ந்தார்கள். ஐந்து நாள் கதிர் முடிந்ததும் ஒரு வாரத்துக்குள் அறுவை செய்தவர்களில் 53 சதவீதத்தினருக்கும், 4 முதல் 8 வாரம் காத்திருந்தவர்களில் 41 சதவீதத்தினருக்கும் அறுவைச் சிக்கல் ஏற்பட்டது. நோய் திரும்புவதில் தாமதம் தீங்கு செய்யவில்லை. காத்திருந்தோரில் சுமார் 7 சதவீதத்தினர் மட்டும் கதிர்ப் பாதிப்பால் மருத்துவமனையில் சேர நேர்ந்தது. பிரான்ஸில் 75 வயதுக்கு மேற்பட்டோரிடம் மட்டும் நடந்த நாக்ரே ஆய்வும், ஐந்து வாரக் கீமோ-கதிரை விட இந்த ஐந்து நாள் முறையையே முதியோர் எளிதாகத் தாங்கினார்கள் என்று காட்டியது. முதியோரைப் பலி வாங்கிய அதே ஐந்து நாள் சிகிச்சை, களமும் கால இடைவெளியும் திருத்தப்பட்டபின் அவர்களுக்கே உகந்ததாக மாறியது.

சதுரங்கப்பட்டினத்து முதியவர் ஒருவரை நினைத்துப் பார்க்கலாம். திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, வாலாஜாபாத் என்று பஸ் மாறிக் காரப்பேட்டை போக வேண்டும். துணைக்கு வரும் மகனுக்கு அன்றைய கூலி போகும். 25 நடைக்கும் 5 நடைக்கும் உள்ள வித்தியாசம் சிகிச்சை முடியுமா, பாதியில் நிற்குமா என்பதையே தீர்மானிக்கும். முதல்வர் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கலாம். துணைக்கு வந்தவரின் கூலியை ஏற்காது.

சிகிச்சை எளியதுதான். இடுப்பில் குறிகள் இடுவார்கள். தண்ணீர் குடிக்கச் சொல்லி மூத்திரப்பை நிறையும் வரை உட்காரவைப்பார்கள். நிறைந்த பை சிறுகுடலை மேலே தள்ளிக் கதிரிலிருந்து காக்கும். புராஸ்டேட் தொல்லை உள்ள முதியவருக்கு அந்தக் காத்திருப்புதான் பெரும்பாடு.

யாருக்கு எது என்பதை வயது மட்டும் சொல்லாது. எட்டுக் கேள்விகள் கொண்ட ஜி-8 படிவம் பசி, எடை, நடமாட்டம், நினைவு, மருந்துகளின் எண்ணிக்கை முதலியவற்றைக் கேட்கும். 17-க்கு 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் விரிவான பரிசோதனை தேவை. உடம்பு தாங்குவது மட்டும் போதாது: குறுகிய கதிரின் பின் கீமோவும் சேர்த்த ராப்பிடோ ஆய்வில் ஐந்தாண்டில் இடுப்புக்குள் நோய் திரும்பல் 10 சதவீதம்; வழக்கமான நீண்ட முறையில் 6 சதவீதம். அதனால் ஐந்து நாள் முறை எல்லார்க்கும் பொது மருந்தல்ல.

அறுவைக்கு முந்தைய சிகிச்சையிலேயே சிலருக்குக் கட்டி முழுதாகக் கரைந்துவிடுகிறது. பிரேசிலின் ஏஞ்சலிட்டா ஹாபர்-காமா 2004-ல் அத்தகையோரை அறுவை செய்யாமல் கண்காணித்த அனுபவத்தை வெளியிட்டார். வயிற்றில் மலப்பையோடு வாழ விரும்பாத முதியோருக்கு அது பெரிய ஈர்ப்பு. ஆனால் முதல் இரண்டு ஆண்டுகள் சில மாதங்களுக்கு ஒருமுறை விரல் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி, எம்ஆர்ஐ என்று தவறாமல் வர வேண்டும். ஐந்து நாளில் மிச்சமான பயணங்களில் ஒரு பகுதி இங்கே செலவாகிவிடும். செங்கல்பட்டிலேயே அந்தக் கண்காணிப்பை முடித்துக்கொள்ள வழி அமைந்தால்தான் கரையோர முதியவர் ஒருவர் இந்த வழியைத் துணிந்து தேர்ந்தெடுக்க முடியும்.