கலங்களின் தனிமையும் உறவும்: ஈரல் அளித்த சான்று

1838 இல் ஷிலைடன் தாவரங்களிலும், 1839 இல் ஷுவான் விலங்குகளிலும் கலமே உயிரின் அடிப்படை அலகு என நிறுவினர். பின்னர் வேர்ச்சோ, உடலைக் கலங்களாகிய குடிகள் வாழும் ஓர் அரசுக்கு ஒப்பிட்டார். ஆயினும் அயலில் வாழும் அக்குடிகள் தம்முள் எவ்வாறு உறவாடுகின்றன என்ற வினாவுக்கு அவ்வுவமை விடை தரவில்லை. மென்சவ்வு சூழ்ந்த கலம், வேலியடைத்த வளவு போன்று பெரும்பாலும் தனித்தே நோக்கப்பட்டது.

இந்நோக்கு 1960களில் மாறத் தொடங்கியது. 1964 இல் லோவன்ஸ்ரைனும் கன்னோவும் பூச்சிகளின் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒரு கலத்திற் செலுத்திய மின்னோட்டம் அயற்கலத்துக்கு நேரே செல்வதைக் காட்டினர். 1966 இல் எலியின் ஈரலிலும் அத்தொடர்பைக் கண்ட அவர்கள், தாம் ஆராய்ந்த ஈரற் புற்றுநோய்க் கலங்களில் அதனைக் காணவில்லை. உறவறுந்த கலமே கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றதோ என்ற ஐயம் இதனால் எழுந்தது.

தொடர்புக்கான வழி எது? 1967 இல் ரெவலும் கார்னோவ்ஸ்கியும் சுண்டெலியின் இதயத்தையும் ஈரலையும் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தனர். நெருங்கிய இரு மென்சவ்வுகளிடையே ஏறத்தாழ 2 நனோமீற்றர் இடைவெளியும், அதில் அறுகோண ஒழுங்கில் அமைந்த நுண்ணலகுகளும் புலப்பட்டன. இவ்வமைப்பே இடைவெளிச் சந்தி எனப்படுகின்றது. பெயர் பிரிவைச் சுட்டினும் அதன் பணி இணைப்பதேயாகும்.

1974 இல் குடினஃப், சுண்டெலியின் ஈரற் சந்திகளிலிருந்து பெற்ற புரதத்துக்குக் கொனெக்சின் எனப் பெயரிட்டார். ஆறு கொனெக்சின்கள் கூடி அரைவாய்க்காலாகின்றன. அது அயற்கலத்தின் அரைவாய்க்காலோடு பொருந்த முழுவாய்க்கால் உருவாகின்றது. அயன்களும் ஏறத்தாழ 1000 டால்ற்றன் வரையான சிறு மூலக்கூறுகளும் அதனூடு செல்லும், புரதங்கள் செல்லா. ஈரலின் முதன்மைக் கொனெக்சினான கொனெக்சின் 32 இன் மரபுக்குறிப்பு 1986 இல் வாசிக்கப்பட்டது.

அக்கொனெக்சின் அற்ற சுண்டெலிகளில், நரம்பு தூண்டப்படும்போது ஈரல் விடுவிக்கும் குளுக்கோசு குறைவதாக 1996 இல் அறியப்பட்டது. அவற்றில் ஈரற்கட்டிகள் மிகுதியாகத் தோன்றுவதை 1997 ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது. எனவே 1966 இல் எழுந்த ஐயம் அடிப்படையற்றதன்று. எனினும் சில புற்றுநோய்க் கலங்கள் தொடர்பை இழப்பதில்லையாதலால், உறவறுதலே நோயின் ஒரே காரணம் எனக் கொள்ளுதலும் பொருந்தாது.

கலக் கொள்கையை இவ்வரலாறு வீழ்த்தவில்லை, நிறைவுசெய்தது. வளவுகள் தனித்தனியே உள்ளன. ஆயின் அயலார் வந்துபோகும் பொட்டுகளும் வேலிகளில் உள்ளன. அவ்வழி திறந்திருப்பதிலேயே உடலென்னும் அரசின் நலம் பெரிதும் தங்கியுள்ளது எனலாம்.