உத்திரமேரூர்

உத்திரமேரூர், தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சி ஆகும். இது காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது. சோழர் கால ஊராட்சி முறையை விரிவாகக் கூறும் கல்வெட்டுகளால் இவ்வூர் புகழ் பெற்றது.

வரலாறு

பல்லவர் காலத்தில் இவ்வூர் பிராமணர்களுக்குக் கொடையளிக்கப்பட்ட பிரமதேயமாக இருந்தது. கல்வெட்டுகள் இதனை உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் எனக் குறிப்பிடுகின்றன. ஊரின் பெரிய ஏரி வைரமேக தடாகம் எனப்பட்டது. சுந்தரவரதப் பெருமாள் கோயில் இங்குள்ள பழமையான கோயில்களுள் ஒன்று.

குடவோலை முறை

முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளைச் (கி.பி. 919, 921) சேர்ந்த இரு கல்வெட்டுகள் வைகுண்டப்பெருமாள் கோயிலில் உள்ளன. முதற் கல்வெட்டின் விதிகளை ஊர்ச் சபை இரண்டே ஆண்டுகளில் திருத்தியது. உறுப்பினருக்கான வயது வரம்பு 30–60 என்பதிலிருந்து 35–70 என மாற்றப்பட்டது.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்கள் குடும்பு வாரியாக ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சபையார் முன்னிலையில், விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓர் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் அதனை ஐந்து விரல்களும் விரிய உள்ளங்கையில் வாங்கி உரக்கப் படிப்பான். கையில் வேறு ஓலையை மறைத்து வைக்க இயலாதவாறு இவ்விதி அமைந்துள்ளது.

தேர்வான 30 பேரும் பின்வருமாறு ஓராண்டுப் பணிக்கு அமர்த்தப்பட்டனர்:

* சம்வத்சர வாரியம் (ஆண்டு வாரியம்) – 12 பேர்
* தோட்ட வாரியம் – 12 பேர்
* ஏரி வாரியம் – 6 பேர்

தகுதிகள்

* வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும் இருத்தல் வேண்டும். வேதமும் பாஷ்யமும் கற்றவருக்கு அரைக்கால் வேலி நிலம் போதுமானது.
* முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்திருத்தல் கூடாது.
* வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர்.
* பிறர் பொருளைக் கவர்ந்தவர் தகுதியற்றவர்.

மதிப்பீடு

இம்முறை மக்களாட்சியின் முன்னோடியாகப் பெரிதும் பேசப்படுகின்றது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவிலும் பிரதமர் நரேந்திர மோதி இக்கல்வெட்டைக் குறிப்பிட்டார். எனினும் இது வாக்கெடுப்பு அன்று. திருவுளச்சீட்டு முறையே ஆகும். நிலமுடைய, வேதம் கற்ற பிராமண ஆண்களுக்கு மட்டுமே இதில் இடமிருந்தது. பெண்களும், நிலத்தில் உழைத்த பிற சமூகத்தினரும் இதில் பங்கு பெறவில்லை. பதவியில் இருப்போர் கணக்குக் காட்டவேண்டும் என்பதையும், ஒருவரே தொடர்ந்து பதவி வகிக்கலாகாது என்பதையும் ஒரு சிற்றூரின் சபை எழுத்தில் விதியாக்கியதே இக்கல்வெட்டுகளின் தனிச்சிறப்பு ஆகும்.