கஞ்சாவும் வலிப்பு நோயும்: ஒரு வரலாற்றுச் சான்றின் மறுவாசிப்பு

முன்னுரை

கஞ்சாச் செடியிலிருந்து பெறப்படும் கன்னாபிடியோல், வலிப்பு நோய்க்குக் கைகண்ட மருந்து என இணையத்தில் எழுதுவோர், 1839ஆம் ஆண்டுக் கல்கத்தா ஆய்வுரை ஒன்றைச் சான்றாகக் காட்டுவதுண்டு. அச்சான்று எதனை நிறுவுகிறது, எதனை நிறுவவில்லை என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

கல்கத்தாச் சான்று

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக விளங்கிய வில்லியம் புரூக் ஓஷானசி, 'கஞ்சா' என்னும் நாட்டு வழக்குச் சொல்லைத் தலைப்பிலேயே இட்டு அவ்வாய்வுரையை எழுதினார். கஞ்சாப் பிசினை முதலில் விலங்குகளுக்கும் பின்னர் நோயாளிகளுக்கும் கொடுத்து விளைவுகளைப் பதிவு செய்தார். வலிப்பினால் துன்புற்ற, பிறந்து 40 நாளே ஆன பெண் குழந்தை ஒன்று குணமடைந்த செய்தியும் அதில் இடம்பெற்றுள்ளது.

இங்கு மூன்று கருத்துகளை நாம் மனங்கொள்ள வேண்டும். முதலாவது, இது ஒரே குழந்தையின் வரலாறு. குழந்தைப் பருவ வலிப்பு தானாகவே நின்றுவிடுவதும் உண்டு. இரண்டாவது, குழந்தைக்கு வரும் வலிப்பனைத்தும் நாட்பட்ட வலிப்பு நோய் ஆகா. மூன்றாவது, அன்று கொடுக்கப்பட்டது பிசினின் சாராயக் கரைசல். கன்னாபிடியோல் தனியே பிரித்தெடுக்கப்பட்டதோ 1940ஆம் ஆண்டில்தான்.

மறக்கப்பட்ட மறுப்பு

இலண்டன் மருத்துவர் ரஸ்ஸல் ரெனால்ட்ஸ் 30 ஆண்டுகளுக்கு மேல் கஞ்சாவைக் கையாண்டவர். 1890ஆம் ஆண்டில் 'லான்செட்' இதழில் எழுதிய அவர், ஒற்றைத் தலைவலி முதலியவற்றுக்கு அதனைப் பாராட்டினார். ஆயின், நாட்பட்ட வலிப்பு நோய்க்கு அது பயன்படவில்லை என்றும் தெளிவாகப் பதிந்தார். பாராட்டை மட்டும் எடுத்தாண்டு மறுப்பை விடுப்பது சான்றைத் திரிப்பதாகும்.

ஒப்பீட்டு ஆய்வுகள்

1980ஆம் ஆண்டில் பிரேசிலில் 15 நோயாளிகளிடையே ஒப்பீட்டு ஆய்வு ஒன்று நடந்தது. கன்னாபிடியோல் பெற்ற எண்மருள் நால்வர்க்கு வலிப்பு ஏறத்தாழ நின்றது. மருந்தற்ற போலி மாத்திரை பெற்றோருள் ஒருவரே நலமுற்றார். 2017ஆம் ஆண்டில், 'திராவே' என்னும் கடுமையான வலிப்பு வகையுடைய 120 சிறாரும் இளையோரும் ஆராயப்பட்டனர். மாத வலிப்பின் இடைநிலை எண்ணிக்கை, மருந்து பெற்றோரிடம் 12.4இலிருந்து 5.9ஆகவும், பெறாதோரிடம் 14.9இலிருந்து 14.1ஆகவும் அமைந்தது. அவர்கள் வழக்கமான மருந்துகளை நிறுத்தவில்லை; உறக்க மயக்கம், வயிற்றுப்போக்கு, கல்லீரல் நொதி மிகுதல் ஆகியனவும் காணப்பட்டன. இவ்வழியே 2018ஆம் ஆண்டில் அமெரிக்கா இரு அரிய வலிப்பு வகைகளுக்குத் தூய கன்னாபிடியோல் மருந்தொன்றை ஏற்றது.

இணையத்தில் விற்கப்படுவது அம்மருந்தன்று. 2017ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், இணையவழி வாங்கிய 84 பொருள்களுள் 26இல் மட்டுமே உறையில் குறித்த அளவு சரியாக இருந்தது. 18இல் போதைக்குக் காரணமான வேதிப்பொருளும் கலந்திருந்தது.

முடிவுரை

கன்னாபிடியோல் குறித்த நம்பிக்கை முற்றிலும் பொய்யன்று, முற்றிலும் மெய்யுமன்று. எந்தப் பொருள், எந்நோய்க்கு, எவ்வளவு, எதனோடு ஒப்பிட்டு என்னும் வினாக்களே தகவலின் தகுதியை அளக்கும் கருவிகளாம். இவ்வினாக்களை எழுப்பாது, உண்டுவந்த வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவோர்க்கு இடைவிடா வலிப்பு நேர்ந்து உயிருக்கே ஊறு விளையலாம். ஆதலின், மேற்கோளை மூலத்தோடு ஒப்பிட்டுக் காணும் பயிற்சியை இலக்கிய வகுப்போடு நிறுத்தாது, மாணவர்தம் அன்றாட வாசிப்புக்கும் விரிவுபடுத்துதல் ஆசிரியர்களாகிய நம் கடமை எனலாம்.